வீட்டு வளவில் நீச்சல் தடாகம்: அதன் செலவுக் கணக்கு

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்பது நம் முன்னோர் வாய்மொழி. இக்காலத்தில் அவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக் கொள்ளலாம்: தடாகத்தை வெட்டிப் பார் என்பதே அது. கனடா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் வாழும் நம் பழைய மாணவர்களுட் சிலர், ஊரிலுள்ள தாய்வீட்டைத் திருத்தும் போதோ புதுவீடு எழுப்பும் போதோ, விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் நீந்தி மகிழ வளவில் ஒரு நீச்சல் தடாகமும் இருத்தல் வேண்டும் என விரும்புகின்றனர். அவ்விருப்பத்திற் குறை காண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதற்கு எவ்வளவு முடியும் என்று கணக்கிடும் முறையை, யாழ்ப்பாணக் குடாநாட்டின் மண்ணுக்கும் நீருக்கும் ஏற்ப விளக்குவதே நோக்கமாகும்.

எவ்வளவு முடியும் என்று கேட்டவுடன் ஒப்பந்தகாரர் ஒரு தொகையைச் சொல்லிவிடுவார். அத்தொகை இரண்டு வகையிற் குறைவுடையது. முதலாவது, அது நிலைத்து நில்லாது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த மாற்று விலை, அவ்வாண்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. பம்பி, வடிகட்டி, குளோரீன் யாவும் பெரும்பாலும் பிறநாட்டிலிருந்து வருவன. ஆதலால் ரூபாவில் எழுதிய மதிப்பீடு சில திங்களிற் பழையதாகிவிடும். இரண்டாவது, அவர் சொல்வது கட்டி முடிக்கும் நாள் வரையுள்ள செலவு மட்டுமே. தடாகமோ கட்டி முடித்த பின்னரே செலவைக் கேட்கத் தொடங்குகின்றது.

எனவே, கணக்கை முதலில் அளவுகளால் எழுதுக. விலையைப் பின்னர் நிரப்புக. எத்தனை கன மீற்றர் மண், எத்தனை மூடை சீமெந்து, எத்தனை லீற்றர் நீர், எத்தனை அலகு மின்சாரம் என்று அறிந்தவர்க்கு, அன்றன்றைய விலையை அவற்றாற் பெருக்குவது சிறு வேலை. அளவுகள் எந்த நாட்டுப் பணத்துக்கும் பொதுவானவை.

கட்டுமானம்

எடுத்துக்காட்டாக 8 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் உடைய தடாகம் ஒன்றைக் கொள்வோம். ஆழங் குறைந்த முனையில் நீர் 1.2 மீற்றர், ஆழங் கூடிய முனையில் 1.6 மீற்றர், சராசரி 1.4 மீற்றர். ஆகவே அது கொள்ளும் நீர் 44.8 கன மீற்றர், அதாவது ஏறத்தாழ 45,000 லீற்றர். அடியும் சுவரும் 20 சென்ரிமீற்றர் தடிப்பான கம்பிக் கொங்கிறீற்றினால் அமைவன என்றும், சுவர் நீர்மட்டத்துக்கு மேல் 15 சென்ரிமீற்றர் எழும் என்றும் கொள்க.

பலகையடிக்கச் சுற்றிவர அரை மீற்றர் இடம் விட்டு வெட்டினால், அகழ வேண்டிய மண்ணுங் கல்லும் ஏறத்தாழ 90 கன மீற்றர். நம்மூர் வழக்கிற் சொன்னால் 32 கியூப். பக்கங்களை மீள நிரப்ப இதிற் காற்பங்கு போகும். எஞ்சியது வெட்டியெடுத்தபின் பொருமிப் பெருகுமாதலால், மூன்று கியூப் கொள்ளும் டிப்பரில் பத்துப் பன்னிரண்டு நடைக்குக் குறையாது. அதை எங்கே கொட்டுவது என்பதும் செலவுக் கணக்கைச் சேர்ந்ததே.

இங்கே குடாநாட்டுக்குரிய முதல் ஐயம் எழுகின்றது. வலிகாமத்துச் செம்மண்ணின் கீழே சுண்ணாம்புக் கற்பாறை கிடக்கின்றது. சில வளவுகளில் அஃது ஓரிரண்டு அடியிலேயே தென்படும். செம்மண்ணைப் பெக்கோ ஒரு நாளில் அள்ளிவிடும். பாறையையோ உடைக்கும் கருவி பூட்டிப் பல நாட்கள் உடைக்க வேண்டும். மணற்பாங்கான தென்மராட்சிப் பகுதிகளில் இதற்கு மாறான தொல்லை. வெட்டிய கரை சரியும். எனவே ஒப்பந்தம் எழுதுமுன் தடாகம் அமையவுள்ள இடத்தில் ஒரு சோதனைக் குழியை முழு ஆழத்துக்கு வெட்டிப் பார்த்தல் வேண்டும். ஓரிரு நாட்கூலியில் முடியும் இவ்வேலை, பின்னர் "கல் வந்துவிட்டது" என்று எழும் பெருஞ் சச்சரவைத் தவிர்க்கும்.

கொங்கிறீற்று ஏறத்தாழ 15 கன மீற்றர். கன மீற்றருக்கு ஏழு அல்லது எட்டு மூடையாக 50 கிலோச் சீமெந்து 110 மூடை வரையிலும், கன மீற்றருக்கு 100 கிலோ வீதம் கம்பி ஒன்றரைத் தொன்னும் வேண்டும். ஓடு பதிக்கும் பரப்பு அடியும் சுவரும் சேர்ந்து ஏறத்தாழ 70 சதுர மீற்றர்; வெட்டுச் சேதத்துக்கு நூற்றுக்குப் பத்துக் கூட்டி 77 என்று எழுதுக. இவற்றோடு நீர் கசியாமற் பூசும் பூச்சு, பம்பி, மணல் வடிகட்டி, குழாய், மின்னிணைப்பு, சுற்றுத் தளம் என்பனவும், பொறியியலாளரின் வரைபடக் கூலி, உள்ளூர்ச் சபையின் அங்கீகாரம் என்பனவும் உள. மொத்தத் தொகையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கி வைத்தல் வழக்கம். பாறையுள்ள நிலத்திற் பதினைந்தே பொருந்தும்.

நீர்

இனி, ஒப்பந்தகாரரின் தாளில் இடம்பெறாத நீர்க்கணக்கைப் பார்ப்போம். ஓடு பதிக்குமுன் வெறுங் கொங்கிறீற்றுத் தொட்டியில் நீர் நிரப்பி, ஏழு நாள் வைத்து, கசிவு உண்டோ என்று பார்த்தல் இன்றியமையாதது. ஓட்டின் பின்னே ஒளிந்த கசிவைக் கண்டுபிடித்தல் எளிதன்று. ஆகவே முதல் ஆண்டில் 45,000 லீற்றரை ஒரு முறையன்று, இரு முறை தேட வேண்டும். 6,000 லீற்றர் பவுசரில் ஒவ்வொரு முறைக்கும் எட்டு நடை. சோதனைக்கு விட்ட நீர் குளோரீன் கலவாதது. அதை வாழைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் விடலாமாதலின் முற்றாக வீணாகாது.

நிரப்பிய பின்னும் நீர் நிற்பதில்லை. வறண்ட மாதங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகும் என்று கொண்டால், 32 சதுர மீற்றர் பரப்பிலிருந்து 160 லீற்றர் நாடோறும் எழுந்து போகும். சோளகக் காற்று வீசும்போது இது மேலும் கூடும். ஓர் ஆள் குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் செலவிடும் நீரை விட இது குறைந்ததன்று. வாரத்துக்கொரு முறை வடிகட்டியை எதிர்முகமாக நீரோட்டிக் கழுவ இன்னும் 500 லீற்றர் போகும். தை முடிவு முதற் புரட்டாதி வரையுள்ள எட்டு மாதத்துக்குக் கூட்டிப் பார்த்தால் இவ்விரண்டும் 56,000 லீற்றர் அளவில் வரும். அதாவது, தடாகத்தை நிரப்பிய நீரினுங் கூடிய நீரை ஆண்டுதோறும் அதற்கு ஊற்ற வேண்டும். பிள்ளைகள் தெறித்து வெளியேற்றுவது இக்கணக்கிற் சேரவில்லை.

இந்நீர் எங்கிருந்து வரும்? கிணறு இருக்கின்றதே என்பர் பலர். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை; வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டும் ஓடுவது. நம் கிணற்று நீர் பெரும்பாலும் மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் பிளவுகளில் இறங்கித் தங்கியதே. அந்நன்னீர் ஒரு வில்லை போலத் திரண்டு, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதக்கின்றது. இம்மிதப்பின் விதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபென் என்பவரும், 1901இல் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க் என்பவரும் தனித்தனியே விளக்கினர். கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனமானது. ஆகவே கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நிற்குமாயின், அதன்கீழ் ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும். இதையே மறுபுறமாகப் பார்க்குமிடத்து, நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்து அவ்வாறே நிலைக்குமாயின், கீழேயுள்ள உவர் எல்லை நாற்பதடி மேலெழ முற்படும். வலிய மோட்டரைப் பூட்டி ஒரே மூச்சில் 45,000 லீற்றர் இறைப்பவர், தம் கிணற்றின் அடியிலுள்ள உவரைத் தாமே அழைத்துக் கொள்பவராவர்.

இங்கே அயலாரின் கணக்கும் உண்டு. நம்மூரிற் கிணறுகள் பல பங்குக் கிணறுகள். உறுதியிலே காணிப் பரப்போடு கிணற்றுப் பங்கும் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். அப்பங்கு குடிப்பதற்கும் பயிருக்கும் முறைவைத்து இறைத்த காலத்தில் ஏற்பட்டது. வேலிக்கு வேலி தனிக்கிணறு இருப்பினும், கீழே கற்பிளவுகளில் நீர் ஒன்றே. ஆண்டுக்கு மூன்று வாரம் வந்து போகிறவரின் தடாகத்துக்காக, ஆண்டு முழுவதும் அங்கிருப்பவரின் குடிநீர் உவர்க்குமாயின், அந்நட்டத்தை எந்த ஒப்பந்தகாரரும் ஈடுசெய்வதில்லை. ஆதலால் நிரப்பும் நீரைக் கிணற்றிலிருந்து எடுப்பதில்லை என்ற முடிவோடு கணக்கைத் தொடங்குதலே நன்று.

அவ்வாறாயின் பவுசர் ஒன்றுதானா வழி? இன்னொரு வழி வீட்டுக் கூரையிலே உள்ளது. 150 சதுர மீற்றர் கூரையில் 300 மில்லிமீற்றர் மழை பெய்யுமாயின், அதன் அளவு 45 கன மீற்றர். அஃது எடுத்துக்கொண்ட தடாகத்தின் கொள்ளளவே. குடாநாட்டின் ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிற் பெய்வதாகும். பீலியும் குழாயும் பூட்டி, கூரையைக் கழுவும் முதல் மழையை வெளியே விட்டு, பின்வருவதைத் தடாகத்திற் சேர்த்தால், நல்ல மழையாண்டிற் பவுசருக்குக் கொடுக்கும் பணம் மிச்சமாகும். மழைநீர் மிக மென்மையானது. தனியே நின்றால் ஓட்டிடைச் சீமெந்தைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். கிணற்று நீரோ சுண்ணாம்பு மிகுந்த வன்னீர். தனியே நின்றால் ஓட்டிலும் வடிகட்டியிலும் வெண்படையாகப் படியும். மழைநீரோடு சிறிதளவு கிணற்று நீரைக் கலந்தால் இரண்டின் குறையும் நீங்கும்.

கட்டும் காலம்

மழைக்கும் தடாகத்துக்கும் இன்னுமொரு தொடர்பு உண்டு. அதனை அறியாதவர் கட்டிய தடாகத்தையே இழக்க நேரும். வெறுமையான கொங்கிறீற்றுத் தொட்டி நிலத்தடி நீரில் ஓடம் போன்றது. நம் தடாகத்தின் கொங்கிறீற்று ஏறத்தாழ 36 தொன் நிறை. அதன் அடிப்பரப்பு 37 சதுர மீற்றர். அடித்தளத்துக்கு மேல் நிலத்தடி நீர் ஒரு மீற்றர் எழுமாயின், அது மேல்நோக்கித் தள்ளும் விசை 37 தொன்னாகும். அப்போது வெறுந் தொட்டி மேலெழத் தொடங்கும். குழாய்கள் முறியும், சுவர் வெடிக்கும். அடித்தளம் தரைக்குக் கீழே 1.75 மீற்றரில் இருப்பதால், தரையிலிருந்து முக்கால் மீற்றர், அதாவது இரண்டரை அடிக்குள் நீர் வரும் வளவுகளில் இவ்விடர் உண்டு. உமது கிணற்றில் மார்கழி மாதத்தில் நீர் எவ்வளவில் நிற்கின்றது என்று பார்த்தால் விடை கிடைக்கும். தடாகம் நிறைந்திருக்கும்போது 36 தொன்னோடு 45 தொன் நீரும் சேர்ந்து அழுத்துவதால் அச்சமில்லை. ஆகவே மாரியில் எக்காரணத்தாலும் தடாகத்தை வெறுமையாக்கலாகாது. அடியில் நீரமுக்கத்தைத் தணிக்கும் வாயிலொன்றை வைப்பதும் நன்று. அதன் விலை தடாகத்தின் விலையோடு ஒப்பிடத் தக்கதன்று.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து, நம் நாட்டுக்குரிய கால அட்டவணை தானாகவே அமைகின்றது. மார்கழியிற் கிணற்று மட்டத்தைக் குறித்துக் கொள்க. தை, மாசியில் வரைபடமும் விலைகோரலும். பங்குனி, சித்திரையிற் சோதனைக் குழியும் ஒப்பந்தமும். வைகாசி, ஆனியில் அகழ்தல். அப்போது நிலத்தடி நீர் தாழ்ந்திருக்கும். ஆடியிற் கொங்கிறீற்று இட்டு 28 நாள் ஈரங்காத்தல். ஆவணியிற் கசிவுச் சோதனை. புரட்டாதியில் ஓடு. ஐப்பசி, கார்த்திகையில் மழை நிரப்பட்டும். விடுமுறை ஆடியில் வருகிறது என்பதற்காக மாரியில் வெட்டத் தொடங்குபவர், குழியில் ஊறும் நீரை இரவும் பகலும் இறைக்கும் கூலியையும் கணக்கிற் சேர்த்துக் கொள்வாராக.

பேணுதல்

தடாகத்து நீர் நாளொன்றுக்கு ஒரு முறையாவது முழுமையாக வடிகட்டியினூடே சென்று மீளுதல் வேண்டும். மணிக்கு 8 கன மீற்றர் நீரைத் தள்ளும் பம்பி இதனை ஆறு மணித்தியாலத்தில் முடிக்கும். அதன் வலு முக்காற் கிலோவாற்று என்று கொண்டால் நாளுக்கு நாலரை அலகு, மாதத்துக்கு 135 அலகு. நம் நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிமுறையாக உயர்வது. பாவனை கூடக்கூட மேற்படியிலுள்ள அலகின் விலையும் கூடுகின்றது. பம்பியின் 135 அலகும் வீட்டின் வழமையான அலகுகளுக்கு மேலே சென்று அமர்வதால், அவற்றுக்குரிய விலை மேற்படியின் விலையே. சராசரி விலையாற் பெருக்குபவர் ஏமாறுவர்.

நீரில் எஞ்சி நிற்கும் குளோரீன் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரையும், பிஎச் அளவு 7.2 முதல் 7.8 வரையும் இருத்தல் வேண்டும். வெயில் குளோரீனை விரைந்து அழிக்கும். நாளுக்கு லீற்றருக்கு 2 மில்லிகிராம் அழிவதாகக் கொண்டால், 45,000 லீற்றருக்கு 90 கிராம் குளோரீன். நூற்றுக்கு 65 பங்கு வலுவுள்ள கல்சியம் ஐப்போகுளோரைற்றுத் தூளாயின் அது 140 கிராம் அளவில். ஆண்டுக்கு 50 கிலோ. வெயிலைத் தாங்கச் செய்யும் சயனூரிக்கு அமிலத்தை அளவோடு சேர்த்தால் இது குறையும். கிணற்று நீர் மிகுதியாகச் சேர்ந்த தடாகத்துக்குத் திரவக் குளோரீனே ஏற்றது. தூளிலுள்ள கல்சியம் முன்பே மிகுந்த சுண்ணாம்பை மேலும் மிகுவிக்கும்.

இவ்வளவையும் செய்ய ஓர் ஆள் வேண்டும். வெளிநாட்டில் வாழ்வோர் இதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். மூன்று வாரம் நீந்துவதற்கு ஐம்பத்திரண்டு வாரம் பேண வேண்டும். பேணாது விட்டால் சில நாளிற் பாசி பிடிக்கும், நுளம்பு முட்டையிடும். டெங்குக் காய்ச்சல் அயல் முழுவதையும் வருத்தும் இந்நாட்டில், நுளம்பு பெருக இடங்கொடுப்பது 2007ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டத்தின்படி குற்றமுமாகும். வெறுமையாக்கி விட்டுச் செல்லலாமோ எனின், மாரியில் அது தொட்டிக்கே ஆபத்து என்பதை மேலே கண்டோம். எனவே பராமரிப்பவரின் பன்னிரண்டு மாதக் கூலியைக் கணக்கின் முதல் வரியிலேயே எழுதுதல் முறை.

கீரிமலைக் கேணிக்கு இவையொன்றும் வேண்டாவே என்று கேட்கலாம். அங்கே நிலத்தடி நன்னீர் கற்பிளவுகளினூடே ஓயாது ஊறி வந்து, கேணியை நிறைத்துக் கடலிற் கலக்கின்றது. நீர் தானே புதுப்பித்துக் கொள்கின்றது. நம் வளவுத் தடாகத்துநீர் அடைபட்ட நீர். ஊற்றின் வேலையைப் பம்பியும், ஓட்டத்தின் வேலையைக் குளோரீனும் செய்ய வேண்டியிருக்கின்றது.

வேலி

பணம் போதாதபோது முதலில் வெட்டப்படுவது சுற்றுவேலி. அதை மட்டும் வெட்டலாகாது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1992ஆம் ஆண்டிலேயே வீட்டு நீச்சல் தடாகங்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சிறுவர் ஏறமுடியாத, 1.2 மீற்றருக்குக் குறையாத வேலியும், தானே மூடிக்கொள்ளும் படலையும் அங்கே கட்டாயம். நம் தடாகத்தைச் சுற்றி 1.2 மீற்றர் நடைதளம் விட்டு அடைத்தால் வேலியின் நீளம் 34 மீற்றர் அளவில். வீட்டுப் பிள்ளைகள் மட்டுமல்லர், மாங்காய் பொறுக்க வரும் அயற்பிள்ளைகளும் உளர். கட்டாக் கிணற்றிற் பிள்ளை விழுந்த செய்திகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

முடிவாக, எடுத்துக்காட்டான தடாகத்தின் கணக்கைச் சுருக்கித் தருவோம். ஒவ்வொன்றின் எதிரேயும் அன்றைய விலையை எழுதிக் கொள்க.

ஒருமுறைச் செலவு: அகழ்வு 90 கன மீற்றர், கொங்கிறீற்று 15 கன மீற்றர், கம்பி ஒன்றரைத் தொன், ஓடு 77 சதுர மீற்றர், வேலி 34 மீற்றர், நீர் இருமுறை 45,000 லீற்றர், பம்பியும் வடிகட்டியும், எதிர்பாராச் செலவு நூற்றுக்குப் பதினைந்து.

ஆண்டுச் செலவு: நீர் 56,000 லீற்றர், மின்சாரம் 1,620 அலகு, குளோரீன் தூள் 50 கிலோ, பராமரிப்பவர் கூலி 12 மாதம்.

ஆண்டுச் செலவைப் பத்தாற் பெருக்கி ஒருமுறைச் செலவோடு கூட்டினால் வருவதே தடாகத்தின் உண்மை விலை. அத்தொகை மலைப்பைத் தருமாயின் எண்ணத்தைக் கைவிட வேண்டுமென்பதில்லை. அளவைக் குறைத்துப் பார்க்கலாம். 5 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் 1.2 மீற்றர் ஆழமும் உடைய தடாகத்துக்கு 18,000 லீற்றர் போதும். நாளாந்த ஆவியும் 75 லீற்றராகக் குறையும். பேரப்பிள்ளைகள் நீந்தப் பழக அது தாராளம். பழகியபின் அவர்களைக் கீரிமலைக்கு அழைத்துச் செல்லலாம்; தம் பாட்டன்மார் நீந்தப் பழகிய இடத்தை அவர்களும் காண்பது நல்லதே.